பாட்டுக் குழுவுக்கு நான் நெய்வித்த கண்டுவாக்கள்

1. ஹோட்டல் வரவேற்பில்

தோளில் போர்த்திய மரியாதையை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்த விருந்தினர் என் பணிக்காலத்தில் ஒருவர்தான். அவர் பெயர் நூரியா. முப்பது பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழுவின் தலைவி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கோபமாகப் பேசவில்லை, புன்னகையும் மறையவில்லை. துணியை நான்காக மடித்து, ஓரங்களைச் சரிபார்த்து, என் கையில் வைத்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஜோர்டி என்ற முதியவரும் தம் தோளில் நான் போட்ட துணியை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டார்.

இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. நான் திருப்பதியில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. கல்லூரியில் பிரெஞ்சும் ஸ்பானிஷும் முறையாகப் பயின்றவன். வாடிக்கையாளர் எவரும் என்மேல் எழுத்துமூலமாகவோ வாய்மொழியாகவோ குறை கூறியதில்லை. கோட்டு அணியாமல் நான் எந்தக் குழுவையும் வரவேற்றதுமில்லை. சித்தூர், திருப்பதி வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆந்திரத்தில் ஒருவரை மதிப்பது என்றால் தோளில் கண்டுவா போடுவது வழக்கம். தமிழில் துண்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் கண்டுவாவுக்கு நிறம் முக்கியம். ஒருவர் தெருமுனையில் திரும்பும்போதே, தோளைப் பார்த்து அவர் எந்தக் கட்சி என்று எங்கள் ஊர் மக்கள் கண்டுகொள்வார்கள். இந்த வழக்கத்தை நான் என் தொழிலுக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்தி வைத்திருந்தேன். வரும் விருந்தினரின் நாட்டுக் கொடி நிறத்தில் கண்டுவா நெய்வித்துப் போடுவேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் என் மனைவியின் தம்பி தணிகாசலம் பவர்லூம் வைத்திருக்கிறார். அவருடைய தறியில்தான் இவை தயாராகும். ஜெர்மானியர்கள் மகிழ்ந்திருக்கிறார்கள். ஜப்பானியர் ஒருவர் கண்கலங்கியே போனார்.

பாட்டுக் குழுவில் சிலரிடம் ஸ்பெயின் பாஸ்போர்ட், சிலரிடம் பிரான்ஸ் பாஸ்போர்ட். எனவே சிவப்பு, மஞ்சள், சிவப்பாக ஒரு கட்டும், நீலம், வெள்ளை, சிவப்பாக ஒரு கட்டும் தயார் செய்தேன். மாலையில் ஹோட்டல் அரங்கில் அவர்களுக்குப் பாராட்டு விழா. மேடையில் இடப்பக்கம் ஸ்பெயின், வலப்பக்கம் பிரான்ஸ் என்று நாற்காலிகளைக்கூடப் பிரித்துவிட்டேன். எங்கள் பஸ் டிரைவர் ஓபுலேசு அந்தக் கட்டுகளைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்: "இதி ஏ பார்ட்டி சார்? மன ஸ்டேட்ல லேதே!" நம் மாநிலத்தில் இப்படி ஒரு கட்சி இல்லையே என்பது அவர் கவலை. நான் சிரிக்கவில்லை. அவருக்கு ஐரோப்பியக் கொடிகளைப் பற்றிச் சுருக்கமாக விளக்கினேன்.

அத்தகைய முன்னேற்பாட்டைத்தான் நூரியா மடித்துக் கொடுத்தார்.

"ஐயா, உங்கள் ஸ்பானிஷ் அழகாக இருக்கிறது" என்றார். அவர் ஸ்பானிஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "உங்கள் அன்பும் புரிகிறது. ஆனால் மாலையில் மேடையில் எங்களுக்கு இந்தத் துணிகளைப் போடுவதாக இருந்தால் நாங்கள் பாடமாட்டோம். போடாவிட்டால் விடிய விடியப் பாடுவோம்."

2. முதலாளியின் தொலைபேசி

செய்தி எனக்கு முன்பே முதலாளிக்குப் போய்விட்டது. எங்கள் டிராவல்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர் முரளி வயதில் என்னைவிட மிகச் சிறியவர். மரியாதை குறையாமல் கோபப்படத் தெரிந்தவர்.

"சார், நீங்க பெரியவரு. உங்களுக்கு நான் இன்னா சொல்றது? ஹால் புக் பண்ணியாச்சி. டவுன்ல இருக்கிற டிராவல்ஸ்காரங்க எல்லாரையும் கூப்ட்டாச்சி. சீஃப் கெஸ்ட் வராரு. இவங்க ஸ்டேஜ்ல வந்து சும்மா குந்திக்கினு இருந்தா என் மூஞ்சிய நான் எங்க வெச்சிக்கிறது?"

"சாயந்திரத்துக்குள்ள சரி பண்றேன் முரளி. ஹாலைக் கேன்சல் பண்ணாதீங்க."

"சரி பண்ணுங்க சார். ஆவலேன்னா மிச்ச டூருக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு பையன வரவெச்சிக்கிறேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் இருப்பது எப்படி? என் இடத்தில் வேறொருவர் வந்து நிற்பதை, ஊரில் உள்ள தொழில்முறை நண்பர்கள் அனைவரும் அன்று மாலையே அறிந்துவிடுவார்கள். காலை பத்து மணி வெயிலில் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

3. சந்திரகிரி சாலையில்

சந்திரகிரிக் கோட்டைக்குப் போகும் வழியில் நூரியாவின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தவறு எங்கே என்று நேரடியாகக் கேட்டேன். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் சுற்றி வளைக்கக் கூடாது.

அவர் ஜோர்டியைக் காட்டினார். "இவர் யார் தெரியுமா? என் அக்காவின் கணவர். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவில் பிரனீஸ் மலை. இந்தப் பக்கம் ஸ்பெயின், அந்தப் பக்கம் பிரான்ஸ். மாலையில் நீங்கள் என்னை இடப்பக்கமும் இவரை வலப்பக்கமும் உட்கார வைக்கப் போகிறீர்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட யாரும் இப்படிச் செய்ததில்லை."

முன்னிருக்கையிலிருந்து ஜோர்டி திரும்பிப் பிரெஞ்சில் சொன்னார்: "அதில் எனக்கு வருத்தமில்லை. மச்சினியிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரலாம் என்று நினைத்தேன்."

நூரியா அவர் தலையில் தட்டினார். பிறகு இருவரும் தங்களுக்குள் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு ஸ்பானிஷ் அல்ல, பிரெஞ்சும் அல்ல. முந்திய நாள் சென்னையிலிருந்து வரும்போதும் அதைக் கேட்டேன். மைக்கில், "உங்கள் வட்டாரப் பேச்சு கேட்க இனிமையாக இருக்கிறது" என்று பாராட்டவும் செய்தேன். அப்போது பஸ் முழுவதும் ஏன் அமைதியாயிற்று என்பது இப்போதுதான் விளங்கியது. அது கத்தலான் என்றார் நூரியா. லத்தீனிலிருந்து பிறந்த தனி மொழி. ஸ்பானிஷுக்கும் பிரெஞ்சுக்கும் உடன்பிறப்பு. யாருக்கும் பிள்ளையும் அல்ல, எதனுடைய சிதைவும் அல்ல.

இளைஞர்களுக்கு இதைச் சற்று விளக்கவேண்டும். கல்லூரியில் எங்களுக்கு லத்தீன் மொழிக் குடும்பத்தை ஒரு மரமாக வரைந்து காட்டினார்கள். ஸ்பெயினுக்கு ஸ்பானிஷ், பிரான்சுக்குப் பிரெஞ்சு, இத்தாலிக்கு இத்தாலியன், போர்ச்சுகலுக்குப் போர்த்துகீசியம், ருமேனியாவுக்கு ருமேனியன். கிளைக்கு ஒரு நாடு. அந்தப் படத்தை நான் பிழையின்றி மனப்பாடம் செய்திருந்தேன். நாடு இல்லாத கிளைக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. ஆனால் லத்தீன் ரோமிலிருந்து போர்வீரர்களோடும் வியாபாரிகளோடும் நடந்துபோய், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அந்தந்த மக்களின் வாயில் வேறுவேறாக விளைந்த மொழி. எல்லைக்கோடு பிற்பாடு வந்தது. கோடு போட்டவர்கள் மொழியைக் கேட்டுப் போடவில்லை. ஸ்பெயினிலேயே கலீசியா பக்கம் பேசும் மொழி ஸ்பானிஷைவிடப் போர்த்துகீசியத்துக்குத்தான் நெருக்கம்.

"நான் சிறுவனாக இருந்தபோது பள்ளிக்கூட வாசல்வரை கத்தலான், வாசலுக்குள் பிரெஞ்சு" என்றார் ஜோர்டி. "வாசலில் நின்று கடைசி வாக்கியத்தைப் பேசி முடித்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அதனால் தினமும் தாமதம். அதற்கும் அடி."

"எங்கள் பக்கம் சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் வாசலிலும் பேச முடியாது" என்றார் நூரியா. "இப்போது பள்ளியே கத்தலானில் நடக்கிறது."

"அப்படியானால் உங்கள் கொடி எது? சொல்லுங்கள். மாலைக்குள் ஏற்பாடு செய்கிறேன்" என்றேன். ஒரு வழி கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

இருவரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தித் தடுத்தார்கள். "தயவுசெய்து வேண்டாம்! எங்களில் சிலர் தனி நாடு வேண்டும் என்பார்கள். சிலர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். இரவுச் சாப்பாட்டில் தட்டு பறக்கும். பாட்டு என்று வந்தால் மட்டும் எல்லோரும் ஒரே வரியில் நிற்போம். எங்களை எந்தக் கொடியின் கீழும் நிறுத்தாதீர்கள், அது போதும்."

கொடியில்லாத மக்களுக்குக் கண்டுவா போடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வெறும் தோளோடு மேடையில் நிறுத்துவதும் எங்கள் ஊர் வழக்கப்படி அவமதிப்பு. விழாவுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பேசுவார்கள்.

அப்போது நூரியா என் மடியிலிருந்த துணியை விரலால் தடவினார். "நிறத்தில்தான் குறை. நெசவில் குறையே இல்லை. என் அம்மா ஆற்றோரத்து மில்லில் தறி ஓட்டியவர். இதை நெய்த இடத்தைப் பார்க்க முடியுமா?"

பயணத் திட்டத்தை நடுவில் மாற்றுவது எனக்குப் பிடிக்காத செயல். அன்று மாற்றினேன். கோட்டையைச் சுற்றிக் காட்டி முடித்ததும், "நகரிக்கு விடுங்க" என்று ஓபுலேசிடம் சொன்னேன்.

4. நகரியில்

புத்தூர் தாண்டியதும் மலை உச்சியில் மூக்குப் போல் நீண்ட பாறை தெரியும். நகரி மூக்கு என்போம். அதைக் காட்டிவிட்டு, இது என் சொந்த ஊர்ப் பக்கம் என்று மைக்கில் சொன்னேன். கடைப் பலகைகளில் இரண்டு எழுத்துகள் இருப்பதை ஜோர்டி கவனித்துக் கேட்டார். மேலே இருப்பது தெலுங்கு, கீழே இருப்பது தமிழ் என்றேன். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். திருப்பதியில் படிக்கும்போது எங்களை 'அரவம்' என்பார்கள், தமிழர் என்பதற்கு அங்கே வழங்கும் கேலிப்பெயர் அது. சென்னைக்குப் போனால், 'தெலுங்குக்காரராக இருந்தும் தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே' என்பார்கள். இதையெல்லாம் விருந்தினருக்குச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. அன்று சொல்லிவிட்டேன். பிறகு நூரியா தம் குழுவுக்குக் கத்தலானில் ஏதோ சொல்ல, முப்பது பேரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஊரைப் பற்றிச் சொன்னதற்காக அதற்குமுன் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

தணிகாசலம் தறிக்கொட்டகை வாசலில் லுங்கியை மடித்துக் கட்டியபடி நின்றார்.

"இன்னா மாமா, ஒரு போன்கூட பண்ணாம ஒரு பஸ்ஸையே கூட்டியாந்துட்டீங்க! கல்யாணமா, எலெக்ஷனா?"

"விருந்தாளிங்க. தறி பார்க்கணும்னாங்க."

"பாக்கட்டும், பாக்கட்டும். நான் அனுப்புன துண்டு எப்டி? புட்ச்சிருந்திச்சா?"

விவரத்தைச் சொன்னேன். தறி ஓடும் இரைச்சலில் கத்திச் சொல்லவேண்டியிருந்ததால், கொட்டகையில் இருந்த எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

தணிகாசலம் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, இது நம்ம கததான் மாமா! அவங்களுக்கு நடுவுல மலையாச்சும் கீது. நமக்கும் திருத்தணிக்கும் நடுவுல இருக்கறது ஒரு செக்போஸ்ட்டு, ஒரு டீக்கடை. எங்க அக்கா தமிழு பேசற ஆந்திராக்காரி, மேடையில ஏறுனா எந்தப் பக்கம் குந்த வெப்பீங்க?"

"அக்காவை எந்த மேடையிலயும் என்னால உட்கார வைக்க முடியாது" என்றேன். அதை மொழிபெயர்க்கச் சொல்லி ஜோர்டி நச்சரித்தார். மொழிபெயர்த்ததும் அவர் தணிகாசலத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டார். கொட்டகையில் இருந்தவரை அந்தக் கையை எடுக்கவில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் இருவரும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் நூரியா ஒரு தறிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். நூல் அறுந்து தறி நின்றது. தறி ஓட்டிய பெண் கைவைப்பதற்குள் இவர் குனிந்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

"அண்ணே, இந்தக்கா நம்மாளு!" என்று அந்தப் பெண் கூவினாள். "சம்பளத்துக்குக் கேட்டுப் பாரு, நாளையிலேர்ந்து வரட்டும்!"

அந்தத் தறியில் ஓடிக்கொண்டிருந்தது மஞ்சள் துண்டு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுப்பவர்கள் கட்டுவது. ஓரத்தில் சின்னதாக வேல் முத்திரை குத்தி, கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். நூரியா ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். இது யாருக்கு என்று கேட்டார். எல்லைக்கு இந்தப் பக்கம் நெய்து, அந்தப் பக்கத்து மலைக்கோயிலுக்குப் போவது என்றேன். இரு பக்கத்தாரும் கட்டிக்கொண்டுதான் படியேறுவார்கள் என்றும், வேல் முருகனுடைய அடையாளம் என்றும் விளக்கினேன்.

"உங்கள் ஆட்கள் கட்டுவதை எங்களுக்குப் போட்டால் உங்கள் கடவுள் கோபப்படுவாரா?"

அதை நான் தணிகாசலத்திடம் தமிழில் கேட்டேன்.

"முருகன் எதுக்குக் கோச்சிக்கிறாரு? அவரே கோச்சிக்கினு வந்து மலைல குந்திக்கினு கீறவரு. வெளியூரு ஆளுங்க கஷ்டம் அவருக்குத் தெரியாதா? எடுத்துக்கினு போகச் சொல்லுங்க மாமா!"

தணிகாசலம் தறிகளை நிறுத்தச் சொன்னார். பல வருடங்களாக அந்தக் கொட்டகைக்குப் போய்வருகிறேன், பகலில் அங்கே அமைதியை அன்றுதான் கேட்டேன். அந்த அமைதியில் முப்பது பேரும் நன்றிக்காக ஒரு பாட்டுப் பாடினார்கள். திராட்சை பறித்துவிட்டு மலையிறங்கி வருபவர்களின் பாட்டாம். தறிப்பெண்கள் தாளம் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றில் ஓபுலேசு பஸ் ஹாரனாலேயே சேர்ந்துகொண்டார். நான் அதைக் கண்டித்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

5. மேடை

கண்டுவா விஷயம் மஞ்சள் துண்டோடு முடிந்துவிட்டது என்று முரளிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் அலறினார்.

"மஞ்சளா? சார், நம்ம ஊர்ல ஒத்த கலர்ல எது போட்டாலும் ஏதோ ஒரு கட்சி ஆயிடும் சார்! சீஃப் கெஸ்ட் எழுந்து போய்ட்டாருன்னா?"

"ஓரத்துல வேல் இருக்கு. மேடையில நான் விளக்கம் சொல்றேன்."

சீஃப் கெஸ்ட் ஓய்வுபெற்ற ஓர் அரசு அதிகாரி. தெலுங்கில் சொற்பொழிவாற்றக் கூடியவர், நேரம் தவறாதவர். மேடையில் நாற்காலிகளை ஒரே வரிசையாகப் போடச் செய்திருந்தேன். நூரியாவும் ஜோர்டியும் அருகருகே அமர்ந்து ஏற்கெனவே சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறிமுக உரையை நான் எப்போதும் நாட்டின் பெயரில் தொடங்குவேன். அன்று மொழியின் பெயரில் தொடங்கினேன். தெலுங்கில் பேசினேன். "இவர்கள் ஒரு மலையின் இருபுறமும் வாழ்பவர்கள். அரசாங்கம் இரண்டு, வீட்டு மொழி ஒன்று. அது லத்தீனின் மகள். ஸ்பானிஷும் பிரெஞ்சும் அவளுடைய அக்காமார்கள். அக்காமார்கள் அரண்மனையில் வாழ்க்கைப்பட்டார்கள். இவள் மலையிலேயே தங்கிவிட்டாள். பாட்டு மட்டும் இவளுக்குக் குறையவில்லை. இவர்கள் தோளில் இன்று விழப்போவது நகரியில் நெய்து திருத்தணிக்குப் போகும் துண்டு. இதுவும் எல்லை தாண்டிய சரக்கு."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. சீஃப் கெஸ்ட் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். முரளியின் முகத்தை நான் பார்க்காமல் இருந்தேன். அதிகாரி மைக்கை வாங்கி, எல்லோரும் வியக்கும்படி தமிழில் பேசினார்.

"நீங்க நகரியில தமிழு. நாங்க திருத்தணியில தெலுங்கு. எங்கம்மா ஊரு அந்தப் பக்கம். ஸ்கூல்ல தமிழு, ஊட்ல தெலுங்கு. ஊட்ல இன்னா மொழின்னு என்னைய யாராச்சும் கேட்டாங்களா? இவ்வளவு நாளா ஒருத்தனும் கேக்கலயே!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் அரங்கில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். ஹோட்டல் மேனேஜர் கன்னடமாம், பலமனேர் பக்கம். ஒலிபெருக்கி வைத்தவர் வீட்டில் உருது. ஒவ்வொருவரும் கையை உயர்த்தித் தம் வீட்டு மொழியைச் சொல்ல, யாரையும் அடக்க முடியவில்லை. அதிகாரி முப்பது பேருக்கும் தம் கையாலேயே துண்டு போட்டார். நூரியா துண்டை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

அவர்கள் பாடினார்கள். பாடி முடித்ததும் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சிறு குழலை ஒருவர் எடுக்க, மற்றவர்கள் மேடையிலிருந்து இறங்கிக் கைகோத்து வட்டமாக நின்றார்கள். அது அவர்கள் ஊர்ச் சதுக்கத்தில் ஆடும் ஆட்டம். யார் வேண்டுமானாலும் நடுவில் நுழைந்து கைகோத்துக்கொள்ளலாம், அழைப்பு வேண்டியதில்லை. எங்களோடு பஸ்ஸிலேயே வந்துவிட்ட தணிகாசலம் நுழைந்தார். ஓபுலேசு நுழைந்தார். முரளி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தார். அதிகாரி என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

நான் விழாக்களில் ஆடுபவன் அல்லன். தொழில் நண்பர்கள் முன்னிலையில் அது பொருத்தமுமில்லை. ஆனால் ஒரு பக்கம் அதிகாரி, மறுபக்கம் ஜோர்டி. கைகள் மேலே போய்விட்டன. காலடிக் கணக்கு இடமா வலமா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "மாமா, கோட்ட கழட்டுங்க!" என்று தணிகாசலம் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார். கழற்றவில்லை. ஆனால் நிற்கவுமில்லை. அன்றைய நிழற்படம் ஒன்று ஊரில் உலவுவதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்க விரும்பவில்லை. அழிக்கச் சொல்லவுமில்லை.

மறுநாள் காலை முரளி தொலைபேசியில் மெட்ராஸ் பையனைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த மாதக் குழுக்களின் விவரத்தைச் சொல்லத் தொடங்கினார். மீந்துபோன கொடி நிறக் கண்டுவாக்களைப் பஸ் துடைக்கக் கேட்டார் ஓபுலேசு. எந்த நாட்டின் நிறத்தையும் அப்படிப் பயன்படுத்த நான் அனுமதிக்கமாட்டேன். அவற்றை விரும்பி ஏற்கும் ஸ்பானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் வருவார்கள். என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். விருந்தினரின் நாட்டைப் பாஸ்போர்ட்டே சொல்லிவிடும், அதை நீங்கள் கேட்க வேண்டியதில்லை. பஸ் கிளம்பிய பிறகு, மைக்கை அணைத்துவிட்டு, "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் உடனே பதில் சொல்லமாட்டார்கள். இதைக் கேட்கக்கூட ஓர் ஆள் இருக்கிறாரா என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவசரப்படாதீர்கள், அவர்கள் சொல்லட்டும். அதன் பிறகு அந்தப் பயணத்தில் நீங்கள் எந்த இடத்தைக் காட்டினாலும் அவர்களுக்குப் பிடிக்கும்.